ஜப்பானிய மொழி கற்கத் தமிழர் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம்

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழிப் பயிற்சி தரும் நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. ஜப்பானிய மொழியில் அலுவல் பார்க்கும் அளவுக்குத் தேற 88 வாரங்கள், அதாவது 2,200 வகுப்பு மணி நேரம் தேவை என்பது அதன் கணக்கு. ஸ்பானிஷ் மொழிக்கு ஆவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஜப்பானிய மொழி பற்றி இணையத்தில் தேடப் புகுந்தவர்களை முதலில் பயமுறுத்துவது இந்த எண்தான். ஆனால் அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காகப் போட்ட கணக்கு. அந்த நேரத்தில் ஒரு பகுதி, வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும் என்ற அதிர்ச்சியிலிருந்து மீளவே அவர்களுக்குச் செலவாகிறது. நமக்கு அந்த அதிர்ச்சி கிடையாது.

வகுப்பு, புத்தகம், செயலி என்று ஒப்பிடத் தொடங்கும் முன் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைகளிலும் இணையத்திலும் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுபவரை எதிரில் உட்காரவைத்துச் செய்யப்பட்டவை. அவருக்குக் கடினமானது பலவும் நமக்கு எளிது. அவருக்கு வராத சில சிக்கல்கள் நமக்கு வரும். ஆகவே ஆங்கிலத் தளங்களில் வரும் ‘சிறந்த பத்து’ பட்டியல்களை அப்படியே பின்பற்றினால், தேவையில்லாத இடத்தில் நேரமும் பணமும் போகும்.

தமிழ் தரும் முன்பணம்

‘நேற்று நான் வாங்கிய புத்தகம்’ என்ற தொடரை ஜப்பானிய மொழியில் சொன்னால் சொற்கள் இதே வரிசையில்தான் நிற்கும். ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்பதில் ‘என்று’ நிற்கும் இடத்தில் அவர்களுக்கும் ஓர் இடைச்சொல் நிற்கிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. இன்னும் வியப்பு துணைவினைகளில் இருக்கிறது. செய்து பார், செய்து வை, செய்துவிடு என்று நாம் பேசும் ஒவ்வொன்றுக்கும் அங்கே நேர் இணை உண்டு; ‘பார்’ என்ற வினையையே முயற்சிப் பொருளிலும், ‘வை’ என்ற வினையையே முன்னேற்பாட்டுப் பொருளிலும் அவர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலவழிப் பாடநூல் இவற்றுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதும். தமிழருக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும்.

கொடுத்தல் வினைகள் மேலை மாணவர்களைப் படுத்தும் பாடு தனிக்கதை. எனக்கு ஒருவர் கொடுத்தால் ஒரு சொல், நான் பிறருக்குக் கொடுத்தால் வேறு சொல். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தைத் திறந்தால், ‘தா’ தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, ‘கொடு’ படர்க்கைக்கு உரியது என்று விதி இருக்கிறது. எல்லைக்கோடு சற்றே வேறு இடத்தில் விழுகிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று நெடுங்காலம் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கற்பவருக்கு அந்த வழக்கின் தீர்ப்பு தேவையும் இல்லை. ஒற்றுமை கண்ணெதிரே இருக்கிறது, பயன்படுத்திக்கொண்டால் போதும்.

ஒலிப்பிலும் பாதி வேலை முடிந்திருக்கிறது. அத்தை, சித்தி போன்றவர்களைக் குறிக்கும் சொல்லுக்கும் பாட்டியைக் குறிக்கும் சொல்லுக்கும் இடையே ஜப்பானிய மொழியில் ஒரு நெடில்தான் வேறுபாடு. ஆங்கிலேயருக்கு அது காதில் விழுவதற்கே மாதக்கணக்கில் ஆகும். குறில், நெடில், மாத்திரை என்று பள்ளியில் படித்தவருக்கு முதல் நாளே புரியும்.

ஆனால் வல்லினத்தில் நாம் வழுக்கி விழுவோம். ‘எழுது’ என்பதற்கான ஜப்பானியச் சொல்லையும் ‘முகர்’ என்பதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘ககு’ என்றே வரும். சொல்லின் நடுவில் வரும் ககரத்தை நாம் தானாகவே மென்மையாக்கிவிடுகிறோம். அங்கே அது வேறு சொல்லாகிவிடும். ஸகரத்துக்கும் அதன் அதிரொலியான z ஒலிக்கும் தமிழில் ஒரே எழுத்து. இதனால் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து ஜப்பானிய மொழி கற்றுத்தரும் நூல்களையும் காணொளிகளையும் ஒப்பீட்டிலிருந்து முதலிலேயே நீக்கிவிடுகிறேன். தமிழில் விளக்கட்டும், மிக நல்லது. ஜப்பானியச் சொல்லை மட்டும் ஜப்பானிய எழுத்தில் எழுதட்டும். ஹிரகானா, கத்தக்கானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளிலும் அடிப்படை எழுத்துகள் 46 வீதம்தான். அகரத்தில் தொடங்கி உயிர்கள், பிறகு க, ஸ, த, ந என்று நடக்கும் வரிசை இந்திய எழுத்துமுறையிலிருந்து போனது என்பதால் நெடுங்கணக்கு தெரிந்தவருக்கு விரைவில் பழகிவிடும்.

எந்தத் தேர்வு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

புத்தகத்தைத் தேர்வுதான் தீர்மானிக்கிறது, ஆகவே இது முன்னால் வர வேண்டும்.

ஜப்பானிய மொழித் திறனறித் தேர்வான ஜேஎல்பிடி 1984 முதல் நடக்கிறது. 2010 முதல், எளிதான என்5 தொடங்கிக் கடினமான என்1 வரை ஐந்து நிலைகள். ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறு நடக்கும், சென்னையிலும் எழுதலாம். எல்லாமே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை. பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. என்4 தேற 180க்கு 90 மதிப்பெண் வேண்டும். ஆனால் மொத்தத்தில் தேறினாலும் கேட்டல் பகுதியில் 60க்கு 19 எடுக்காவிட்டால் தோல்விதான். இலக்கணத்தையே உருப்போட்டுவிட்டுப் போகிறவர்களுக்குக் காத்திருக்கும் பள்ளம் இது.

மற்றொன்று ஜேஎஃப்டி பேசிக். ஜப்பானின் ‘குறிப்பிட்ட திறன் பணியாளர்’ விசா 2019இல் வந்தபோது அதற்கென்றே வந்த தேர்வு. கணினியில் ஒரு மணி நேரம். 250க்கு 200 எடுத்தால் தேர்ச்சி. முடிந்ததும் மதிப்பெண் திரையில் தெரிந்துவிடும். ஜேஎல்பிடி போல ஆண்டுக்கு இரண்டே நாள் என்று காத்திருக்க வேண்டியதில்லை. முதியோர் பராமரிப்பு, உணவகம், வேளாண்மை போன்ற வேலைகளுக்குப் போக நினைப்பவருக்கு இதுவோ என்4 சான்றிதழோ போதும். அதோடு துறைத் தேர்வும், பராமரிப்புப் பணிக்கு அத்துறைக்கான தனி மொழித் தேர்வும் உண்டு. ஒரகடத்திலோ ஸ்ரீசிட்டியிலோ இருக்கும் ஜப்பானிய நிறுவனங்களிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் ஜேஎல்பிடி என்ற பெயர்தான் பரிச்சயமானது. அங்கே என்5 சான்றிதழ் ஆர்வத்துக்கு அடையாளம், என்3க்கு மேல் போனால்தான் சம்பளத்தில் தெரியும். வெறும் ஆசைக்குப் படிப்பவருக்கு இரண்டும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் தேதி குறிக்காத படிப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் என்பதால் அவர்களும் என்5 எழுதுவதில் தவறில்லை.

புத்தகங்கள்: மூன்றில் ஒன்று

‘மின்னா நோ நிஹோங்கோ’ தமிழ்நாட்டு வகுப்புகளில் பரவலாகப் புழங்கும் நூல். 1998இல் வந்தது. ஏஓடிஎஸ் அமைப்பு, ஜப்பானுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி பெறப் போனவர்களுக்காகச் செய்த பழைய பாடநூலின் வாரிசு; அதனால் அலுவலக வாடை தூக்கலாக இருக்கும். தொடக்க நிலைக்கு இரண்டு தொகுதிகளில் 50 பாடங்கள். முதன்மை நூல் முழுக்க ஜப்பானிய மொழியில். விளக்கத்துக்குத் தனி நூல் வாங்க வேண்டும். தனியாகப் படிப்பவருக்கு இது வறட்சியாக இருக்கும். ஆசிரியர் ஒருவர் எதிரில் நின்று, வாக்கியத்தில் சொல்லை மாற்றிப் போடும் பயிற்சிகளை வாயால் சொல்ல வைத்தால் இதைவிட நல்ல நூல் இல்லை. இந்தியப் பதிப்பு கிடைப்பதால் விலையும் கட்டுப்படியாகும்.

‘கெங்கி’ பல்கலைக்கழக மாணவர்களுக்காக எழுதப்பட்டது. 1999இல் முதல் பதிப்பு, 2020இல் மூன்றாம் பதிப்பு. விளக்கம் ஆங்கிலத்தில், அதே நூலுக்குள் இருக்கிறது. ஆங்கிலத் தளங்களில் எல்லோரும் பரிந்துரைப்பது இதைத்தான். நான் தமிழருக்கு இதை இரண்டாம் இடத்தில்கூட வைக்க மாட்டேன். அதன் பெரிய பலம் ஆங்கிலம் பேசுபவருக்கு வாக்கிய அமைப்பைப் பொறுமையாக விளக்குவது. அந்தப் பலத்துக்கு நாம் விலை கொடுக்கத் தேவையில்லை. பயிற்சிகளில் பல இருவராகச் செய்ய வேண்டியவை, பக்கத்தில் ஆள் வேண்டும்.

‘இரோதோரி’ ஜப்பான் அறக்கட்டளை 2020இல் வெளியிட்ட பாடநூல். மூன்று தொகுதிகள், ஒலிக்கோப்புகள் உட்பட எல்லாமே இலவசமாகத் தரவிறக்கலாம். குப்பையை எந்தக் கிழமை எப்படிப் பிரித்துப் போடுவது, மருத்துவரிடம் எங்கே வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது, வேலைக்கு வரத் தாமதமாகும் என்று எப்படித் தகவல் தருவது என்று வாழ்க்கையிலிருந்து பாடம் தொடங்குகிறது. உரையாடல்கள் இயல்பான வேகத்தில் இருப்பதால் கேட்டல் பயிற்சிக்கு இதை மிஞ்ச ஆளில்லை. குறை என்னவென்றால் இலக்கணம் சிதறிக் கிடக்கும். ஒழுங்காக அடுக்கித் தராது. ஆங்கிலேயருக்கு அது பெருங்குறை. நமக்கு இலக்கணம் அரைப்பங்கு வீட்டிலிருந்தே வந்துவிடுவதால் தாங்கிக்கொள்ளலாம். ஜேஎஃப்டி எழுதுபவர் யோசிக்கவே வேண்டாம், இதுதான்.

அதே அறக்கட்டளையின் ‘மருகோட்டோ’ நூல் வரிசையும் ‘மினாதோ’ இணைய வகுப்புகளும் உண்டு. மினாதோவில் தானே படிக்கும் பாடங்கள் இலவசம். இரோதோரி அலுத்துப்போனால் அங்கே ஒரு நடை போய் வரலாம்.

வகுப்பா, தனியாசிரியரா, தானே படிப்பதா

பணம் பெரிதாகக் கைமாறும் இடம் இது.

நல்ல வகுப்பு தருவது மூன்று பொருள்கள்: கெடு, கூட்டாளிகள், பிழை திருத்தும் காது. சென்னையில், ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் நடத்தும் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோக்காய் மையம் நீண்ட காலமாக வகுப்பு நடத்துகிறது. நகரின் ஜேஎல்பிடி தேர்வையும் அதுதான் நடத்துகிறது. தனியார் வகுப்புகளும் ஏராளம். எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் எவ்வளவு பேசுகிறார், மாணவர்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மாணவர் வாயைத் திறந்தது இரண்டு நிமிடம் என்றால், அங்கே விற்கப்படுவது நீங்கள் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளக்கூடிய விளக்கம்தான். முப்பது பேர் வகுப்பில் அது தவிர்க்க முடியாதது; பத்துப் பேருக்குள் இருந்தால் பேரம் நியாயமானது.

இன்னொரு வகை நிறுவனம் உண்டு. மொழி வகுப்பு, விசா, வேலை மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிப் பெருந்தொகை கேட்பது. அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் மொழியைப் பற்றியவை அல்ல: எந்த விசா வகை, எந்தத் துறைத் தேர்வு, முதலாளி யார், ஒப்பந்தம் எந்த மொழியில், தேறாவிட்டால் பணத்தில் எவ்வளவு திரும்பும். பதில் எழுத்தில் வராவிட்டால் அந்தப் படியை விட்டு இறங்கிவிடுங்கள். மொழிப் பகுதியை வேறெங்கும் இதைவிடக் குறைந்த செலவில் முடித்துக்கொள்ளலாம்.

இணையவழித் தனியாசிரியர் முறையில், ஐட்டாக்கி போன்ற தளங்களில் அரை மணி நேரம்கூட வாங்கலாம். அங்கே ஜப்பானியரும் கிடைப்பர், இந்தியரும் கிடைப்பர். ஜப்பானியரே மேல் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தொடக்க நிலையில் நான் அப்படி நினைக்கவில்லை. என்2 தேறிய தமிழ் ஆசிரியருக்கு நம் ககரம் எங்கே மென்மையாகும் என்று தெரியும். ‘செய்து வை’ என்று ஒரே சொல்லில் ஒரு பாடத்தை முடித்துவிடுவார். ஜப்பானியர் பெரும்பாலும் நாகரிகம் கருதித் திருத்தவே மாட்டார். இரண்டு வாக்கியம் பேசினாலே நன்றாகப் பேசுகிறீர்கள் என்று பாராட்டிவிடுவார். என்4 அளவைத் தாண்டியபின் நிலைமை தலைகீழ். இயல்பான வேகம், மரியாதை மொழியின் படிநிலைகள், சொல்லாமல் விடுவதில் இருக்கும் பொருள் இவையெல்லாம் அங்கே பிறந்து வளர்ந்தவரிடம்தான் கிடைக்கும்.

எவரை அமர்த்தினாலும் பாடம் நடத்தச் சொல்லாதீர்கள். அந்த வாரம் படித்த அமைப்புகளில் சொந்தமாக வாக்கியங்கள் எழுதிக்கொண்டு போய்ப் பேசுங்கள், திருத்தச் சொல்லுங்கள், ஆசிரியர் அனுமதித்தால் பதிவு செய்யுங்கள். மறுநாள் அந்தப் பதிவைக் கேட்டு, அவர் சொன்னதை அவர் வேகத்திலேயே நிழல்போலத் தொடர்ந்து சொல்லிப் பாருங்கள். இது காசில்லாத பயிற்சி, பலன் அதிகம்.

தானே படிப்பது எவ்வளவு காலம் பிடிக்கும்? 2010க்கு முந்தைய பழைய தேர்வுமுறையில், இன்றைய என்5க்கு இணையான நிலைக்குச் சுமார் 150 மணி நேரமும், என்4க்கு இணையான நிலைக்கு 300 மணி நேரமும் படிப்பு வேண்டும் என்று குறித்திருந்தார்கள். நாள்தோறும் ஒரு மணி என்றால் ஐந்து மாதம், பத்து மாதம். வேலைக்குப் போகிறவருக்கு எட்டாத கணக்கு இல்லை. ஆனால் கேட்பார் இல்லாமல் பத்து மாதம் தொடர்வது எல்லோருக்கும் இயலாது. உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். பாதியில் விட்ட ஜிம் சந்தா வீட்டில் இரண்டு மூன்று இருந்தால் வகுப்பில் சேர்ந்துவிடுவதே சிக்கனம்.

கான்ஜி: தமிழ் உதவாத இடம்

கான்ஜி என்பது சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்து. இங்கே சலுகை எதுவும் கிடையாது. ஜப்பானில் பொதுப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலில் 2,136 கான்ஜிகள். ஜேஎல்பிடி இப்போது அதிகாரப்பூர்வப் பட்டியல் எதையும் வெளியிடுவதில்லை; நடைமுறையில் என்5க்குச் சுமார் 100, என்4க்கு 300 என்று வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். இலக்கணத்தில் மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் கொட்ட வேண்டிய இடம் இது.

போட்டி இரண்டு கருவிகளுக்கு இடையே. ஆங்கி 2006இல், ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்த ஒருவர் தனக்காக எழுதத் தொடங்கிய மென்பொருள். மறக்கப்போகும் தறுவாயில் அட்டையை மீண்டும் காட்டும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் விலை உண்டு. வனிகனி சந்தா கட்டும் தளம்; 60 நிலைகளில் சுமார் 2,000 கான்ஜிகள்; முதல் மூன்று நிலைகள் இலவசம். ஒவ்வொரு கான்ஜிக்கும் நினைவில் நிற்க ஒரு கதை சொல்லும். கதைகளில் பல ஆங்கிலச் சிலேடைகள். அமெரிக்கருக்குச் சிரிப்பு வரும். நாம் முதலில் சிலேடையைப் புரிந்துகொண்டு, பிறகு கான்ஜியை நினைவில் வைக்க வேண்டும். தேர்வு வரிசைப்படியும் அது போகாது, வேகமாக ஓடவும் விடாது. என் ஓட்டு ஆங்கிக்கு. பாடநூலில் வந்த சொல்லை மட்டும் போட்டு, பின்பக்கம் தமிழில் பொருள் எழுதி, உங்கள் கதையை நீங்களே கட்டுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் புதுச் சொற்களுக்கு மேல் வேண்டாம். இருபது, முப்பது என்று ஆசைப்பட்டால் மூன்றாம் வாரம் மறுபார்வை மலைபோல் குவிந்து, செயலியைத் திறக்கவே மனம் வராது.

கையால் எழுத வேண்டுமா? தேர்வு கேட்பதில்லை. இருந்தாலும் முதல் 300 கான்ஜிகளை எழுதிப் பழகுவது நல்லது. கோடுகளின் வரிசையும் உறுப்புகளும் கைக்குப் பழகினால் பின்னால் வருபவை தனித்தனியாகக் கழன்று தெரியும். அதற்கு மேல் அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

டுயோலிங்கோ செயலியை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஹிரகானா பழக நன்று. அதற்குப் பிறகு அது, நாள் தவறாமல் திறந்த நாட்கணக்கைக் காப்பாற்றும் விளையாட்டுதான். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வாக்கியப் பயிற்சிக்கு உதவும். இலக்கண விளக்கத்தை அவற்றிடம் கேட்டால் பாடநூலோடு ஒத்துப்பார்த்துவிட்டு நம்புங்கள். அனிமே பார்ப்பது காதுக்கு நல்லது, வாய்க்கு ஆபத்து: கதாநாயகன் எதிரியிடம் பேசும் தொனியில் மேலாளரிடம் பேசினால் வேலை போகும். வாசிக்க, ‘ததோக்கு’ அமைப்பு நிலைவாரியாகப் பிரித்த சிறு கதைநூல்களை இலவசமாகத் தருகிறது. ஹிரகானா முடித்த வாரமே தொடங்கலாம்.

யாருக்கு எது

திறன் பணியாளர் விசாவுக்குப் போகும் முதியோர் பராமரிப்பாளர், சமையற்காரர், தொழிலாளி: இரோதோரி, ஆங்கி, வாரம் ஒரு முறை தமிழ் ஆசிரியர், ஜேஎஃப்டி. பாடநூலுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஆசிரியருக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் மட்டும் ஒதுக்குங்கள். ஊரில் நல்ல வகுப்பு இல்லாத மதுரை, திருநெல்வேலிக்காரருக்கும் இதுவே பொருந்தும்.

நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே என்3 வரை போக நினைப்பவர்: சிறு வகுப்பு ஒன்றில் மின்னா நோ நிஹோங்கோவின் 50 பாடங்களையும் முடியுங்கள்; கேட்டலுக்கு இரோதோரி ஒலிக்கோப்புகளைப் பயணத்தில் கேளுங்கள்; என்4 தேறியதும் வகுப்பை விட்டுவிட்டு அந்தப் பணத்தை ஜப்பானிய ஆசிரியர் ஒருவரிடம் பேசுவதற்குத் திருப்புங்கள். நிறுவனமே வகுப்பு நடத்தினால் கட்டணம் மிச்சம், ஆனால் அதன் வேகத்தை நம்பி இருக்காதீர்கள். திட்டப்பணி நெருக்கடி வந்தால் முதலில் ரத்தாவது அதுதான்.

ஆசைக்குப் படிப்பவர் எதையும் வாங்குவதற்கு முன் இரோதோரியின் முதல் தொகுதியை முடிக்கட்டும். அது முடியும்போதும் ஆசை மிச்சமிருந்தால், செலவு செய்யும் வரிசை இப்படி: முதலில் ஆசிரியர், பிறகு புத்தகம், கடைசியில் சந்தாக்கள்.